பேரன் கிலுகிலுப்பையைப் புரட்டிப் பார்ப்பதில்லை

கேள்வி: என் பேரன் 30 வாரத்திலேயே பிறந்துவிட்டான். இப்போது 9 மாதம். கிலுகிலுப்பையைக் கொடுத்தால் நேரே வாய்க்குக் கொண்டுபோகிறான், இல்லையென்றால் நழுவ விட்டுவிடுகிறான். இவன் அக்கா இந்த வயதில் எதைக் கொடுத்தாலும் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள், ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நோண்டுவாள். பார்க்கிறவர்கள் ‘பிள்ளை மந்தமோ’ என்கிறார்கள். மருமகள் அழுகிறாள்.

பதில்: அம்மா, முதலில் வயதுக் கணக்கைச் சரிசெய்வோம். 40 வாரத்தில் பிறக்க வேண்டியவன் 10 வாரம் முந்திக்கொண்டான். அதைக் கழித்தால் அவனுக்கு இப்போது ஏறக்குறைய ஆறரை மாதம்தான். இதைத்தான் ‘திருத்திய வயது’ என்கிறோம். இரண்டு வயதுவரை இந்தக் கணக்கிலேயே பாருங்கள். ஆறரை மாதப் பிள்ளை எதையும் வாயில் வைக்கத்தான் செய்யும். வழவழப்பா, சொரசொரப்பா என்று நாக்குதான் முதலில் பார்க்கும்.

அதற்காக, கழித்துவிட்டால் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் திருத்திய வயதில் பார்த்தாலும்கூட, பொருளைத் திருப்புவது, விரலால் தடவுவது, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவது இவற்றைக் கொஞ்சம் குறைவாகவே செய்கிறார்கள். கடைசி வாரங்களில் கருப்பைக்குள் இடம் நெருக்கடி. கைகால் மடங்கி, கைகள் முகத்தருகே கிடக்கும். உங்கள் பேரனுக்கு அந்த நெருக்கடி வாய்க்கவில்லை. தசையில் பலம் ஏறும் முன்பே வெளியே வந்து மல்லாந்து கிடந்தால், தோள்கள் பின்னால் சாய்ந்து, கைகள் இரண்டு பக்கமும் விரிந்தே பழகிவிடும். நெஞ்சுக்கு நேரே இரண்டு கையும் சந்தித்தால்தானே ஒன்று பிடிக்க, இன்னொன்று நோண்ட முடியும்?

அவன் விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைகள் தானாக முன்னால் வரும். அப்புறம், மடியில் முதுகு உங்கள் மார்பில் சாயும்படி உட்காரவைத்து, அவன் தோள்களை மெல்ல முன்னால் அணைத்துப் பிடியுங்கள். உடம்பு ஆடாமல் நின்றால் கைக்கு வேலை செய்யத் தோன்றும். கிலுகிலுப்பை கனமாக இருந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு, மெல்லிய வளையம் ஒன்றைக் கொடுங்கள். ஒன்றே ஒன்று போதும். குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் பை நிறைய பொம்மையோடு போவேன். பிள்ளை ஒன்றைப் பார்க்கத் தொடங்குவதற்குள் அடுத்ததை நீட்டுவேன். பாவம், அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குறைமாதப் பிள்ளைகள் பலருக்குப் பார்த்து, யோசித்து, கை நீட்டக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஸ்டிக்கரை நோண்டட்டும், அவன் பார்க்கட்டும்.

ஆனால் ஒரு கையை மட்டுமே எப்போதும் நீட்டினாலோ, மறு கை மூடியே இருந்தாலோ, பொருளை எட்டிப் பிடிக்கவே முயலாவிட்டாலோ, கண்ணால் பின்தொடராவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். குறைமாதப் பிள்ளைகளுக்குச் செய்யும் கண் விழித்திரைப் பரிசோதனை முழுவதும் முடிந்ததா என்றும் மருமகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீடு வந்த சந்தோஷத்தில் பலருக்கு விட்டுப்போவது அதுதான்.