அளவு 360, மாடு ஆறுதானே!

கேள்வி: ஐயா, என்னிடம் ஆறு கலப்பினக் கறவை மாடுகள் இருக்கின்றன. தீவனக் கடைக்காரர் சொன்னதை நம்பி, மூன்றுக்கு மட்டும் பால் பெருக்கும் மாவு 60 நாள் வைத்தேன். ஆறின் பாலையும் தினமும் அளந்து எழுதினேன். மாவு தின்றவை சராசரியாக 0.7 லிட்டர் கூடுதலாகக் கறந்தன. "360 அளவு இருக்கிறதே, தற்செயலா?" என்கிறார் கடைக்காரர். ஆனால் எல்லா மாட்டிலும் பால் குறைந்துகொண்டே வருகிறது. அடுத்த டப்பா வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பால் குறைவதைக் கண்டு பயப்படவும் வேண்டாம்; ஈன்று ஆறிலிருந்து எட்டு வாரத்தில் உச்சம் தொட்டால் பிறகு இறங்கத்தான் செய்யும். மாவு தின்றவற்றில் அந்த இறக்கம் மட்டுப்பட்டதா என்று கேட்டிருக்க வேண்டும். தீவனத்துக்கும் நாளுக்கும் உள்ள இடைவினை என்று புள்ளியியலில் சொல்வது இதைத்தான்.

நீங்கள் அனுப்பிய நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். மாவு தின்றவை முதல் 15 நாளில் சராசரி 10.8 லிட்டர், கடைசி 15 நாளில் 9.9. மற்றவை 10.1, பிறகு 9.2. இரு பக்கமும் 0.9தான் இறக்கம். இடைவெளி தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. நன்றாகக் கறக்கும் மாட்டுக்கு வைத்தால் தவிட்டுக்குக்கூட நல்ல பெயர் கிடைக்கும். அந்த மூன்றைத் தேர்ந்தெடுத்தது யார், கடைக்காரரா?

360 என்பது வியாபாரக் கணக்கு. லட்சுமியின் நேற்றைய பாலும் இன்றைய பாலும் ஒரே மடியிலிருந்து வருபவை. அறுபது முறை அளந்தாலும் அது ஒரு மாடுதான். மாட்டுக்கு ஓர் எண்ணாக இறக்கத்தை எழுதுங்கள். ஆறு எண்கள்தான் மிஞ்சும். ஆறில் மூன்றைப் பிரிக்க 20 வழிகள். மாவு தின்ற மூன்றும் மற்ற மூன்றையும் விடக் குறைவாக இறங்கியிருந்தால்கூட, அது தற்செயலாக நடக்க இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு. உங்கள் நோட்டில் அதுவும் நடக்கவில்லை. இன்னொன்று: 23ஆம் நாள் ஆறு மாடுகளிலும் ஒருசேர தலைக்கு முக்கால் லிட்டர் குறைந்திருக்கிறது. அன்று கறந்தவர் வேறு ஆளா? அப்படியானால் ஒரே நாளின் ஆறு அளவுகளும்கூடத் தனித்தனிச் சான்று ஆகா.

எதைக் கொடுத்துப் பார்ப்பதானாலும், கொடுக்கும் முன் 15 நாள் பாலை எழுதுங்கள். நான் எல்லோரிடமும் சொல்லிச் சலித்தது இது. மாவு இரண்டே நாளில் வேலை செய்துவிட்டதா, மாடே அப்படியா என்று இன்று நம்மால் பிரித்துச் சொல்ல முடியாததற்கு அந்த 15 நாள் இல்லாததுதான் காரணம். லிட்டர் படி நுரையையும் சேர்த்து அளக்கும். தராசில் எடை போடுங்கள். ஈன்ற தேதி நெருங்கிய மாடுகளை ஜோடி சேர்த்து, எதற்கு மாவு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கடைக்காரர் அந்தப் பக்கமே வரக் கூடாது.

ஆறும் ஈன்ற தேதிகளை எழுதி அனுப்புங்கள். நோட்டில் எல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை.