மாத டேட்டாவை விழுங்குவது எது? வாசகர் கேள்வி–பதில்

ஆன்லைன் மெய்நிகர் உலகங்களில் புழங்கும் வீடுகளில் இணைய வரம்பு சீக்கிரமே தீர்ந்துபோவது பற்றி வந்த கேள்விகள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் இணைப்புக்கு மாதம் 500 ஜிபி வரம்பு. வீட்டில் ஒருவர் செகண்ட் லைஃப், இன்னொருவர் ரோப்லாக்ஸ். 20ஆம் தேதிக்குள் வரம்பு முடிந்து வேகம் படுத்துவிடுகிறது. இந்த உலகங்களில் ஒரு மணி நேரம் இருந்தால் எத்தனை ஜிபி செலவாகும்?

மணிக்கணக்கு இங்கே உதவாது. சாதாரண கேம் என்றால் கட்டடம், மரம், ஒலி எல்லாம் நிறுவும்போதே டிஸ்க்கில் வந்து உட்கார்ந்துவிடும். விளையாடும்போது யார் எங்கே நகர்ந்தார் என்கிற துளித் தகவல்தான் போய்வரும். செகண்ட் லைஃபிலும் ரோப்லாக்ஸிலும் அங்கே இருப்பதெல்லாம் பயனர்கள் செய்து வைத்தவை. ஓர் இடத்துக்குள் நீங்கள் நுழைந்த பிறகுதான் அங்குள்ள சுவர், தரை, நாற்காலி, எதிரே நிற்பவரின் சட்டை, செருப்பு எல்லாம் உங்கள் கணினிக்கு இறங்கத் தொடங்கும். இறங்கியது கேஷில், அதாவது மறுபடி இறக்காமல் எடுத்துக்கொள்ள டிஸ்க்கில் வைக்கும் சேமிப்பில், தங்கும். ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து அரட்டை அடித்தால் செலவு சொற்பம். அதே மூன்று மணி நேரத்தில் முப்பது கடை ஏறி இறங்கினால் பல மடங்கு ஆகும். ரோப்லாக்ஸிலும் பத்து நிமிடத்துக்கு ஒரு கேம் என்று தாவுகிறவர்தான் டேட்டாவைத் தின்கிறவர்.

உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே எடுக்கலாம். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், டேட்டா யூசேஜ் என்று போங்கள். கடந்த 30 நாளில் ஒவ்வொரு செயலியும் எடுத்த அளவு அங்கே இருக்கும். எண்ணைக் குறித்துக்கொண்டு, போகாத இடம் ஒன்றில் அரை மணி நேரம் சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அடுத்த நாள் அதே இடத்தில் அதே அரை மணி நேரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கேஷ் உங்களுக்கு மிச்சப்படுத்துவது. வித்தியாசமே இல்லையென்றால் கேஷில் ஏதோ கோளாறு. அடுத்தடுத்த பதில்களைப் பாருங்கள்.

ஆனால் உங்கள் எண்ணில் வேறொரு சந்தேகம் எழுகிறது. 20 நாளில் 500 ஜிபி என்றால் நாளுக்கு 25 ஜிபி. வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் இறங்கினால் 450 எம்பி ஆகும். அந்தக் கணக்கில் நாளுக்கு 25 ஜிபி என்பது இருபத்துநான்கு மணி நேரமும் இடைவிடாமல் 2.3 மெகாபிட் ஓடுவதற்குச் சமம். இரண்டு பேர் மெய்நிகர் உலகில் உலவி மட்டும் இதைத் தொடுவது கடினம். 5 மெகாபிட் ஓடும் எச்டி வீடியோ மணிக்கு 2.25 ஜிபி, மூன்று பேர் தலா நான்கு மணி நேரம் பார்த்தால் 27 ஜிபி. ரோப்லாக்ஸ் விளையாடும் பிள்ளை, பிறர் ரோப்லாக்ஸ் விளையாடும் வீடியோவையும் பக்கத்தில் ஓடவிட்டிருப்பார். முதலில் பிரவுசரின் எண்ணைப் பாருங்கள். பழியைக் கேம் மீது போடுவது அதற்குப் பிறகு.

கேள்வி: செகண்ட் லைஃபில் மேக்ஸிமம் பேண்ட்வித் அளவைப் பாதியாகக் குறைத்தேன். டேட்டா கொஞ்சமும் குறையவில்லை. ஏன்?

அந்த அளவு கட்டுப்படுத்துவது யூடிபி வழியாக வரும் போக்குவரத்தை மட்டும். அதாவது நகர்வு, பொருள்களின் இருப்பிடம் போன்றவை. எடை மிகுந்த டெக்ஸ்சரும் (பொருள்மேல் ஒட்டும் படம்) மெஷ்ஷும் (பொருளின் வடிவம்) எச்டிடிபி வழியாக, ஒரு வலைப்பக்கம் இறங்குவதுபோல் இறங்குகின்றன. அந்தக் குமிழ் அவற்றைத் தொடுவதே இல்லை. ரொம்பக் குறைத்தால் அவதார் (அந்த உலகில் உங்கள் உருவம்) தத்தளிக்கும், கதவு திறக்கத் தாமதமாகும். லாபம் ஒன்றும் இருக்காது. பழைய அளவுக்கே வைத்துவிடுங்கள்.

உண்மையில் பலன் தருவது டிரா டிஸ்டன்ஸ், அதாவது எவ்வளவு தூரம் வரை காட்ட வேண்டும் என்கிற அளவு. கன்ட்ரோலையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ப்ரிஃபரன்ஸஸ் திறக்கும். கிராபிக்ஸ் பகுதியில் இது இருக்கும். செகண்ட் லைஃபின் நிலம் ரீஜியன் என்ற சதுரத் துண்டுகளால் ஆனது; ஒரு ரீஜியனின் பக்கம் 256 மீட்டர். டிரா டிஸ்டன்ஸையும் 256 என வைத்தால் நீங்கள் எட்டிப்பார்க்காத அக்கம்பக்க ரீஜியன்களின் பொருளும் சேர்ந்து இறங்கும். தூரத்தைப் பாதியாக்கினால் பரப்பளவு கால் பங்காகும். 256ஐ 64 ஆக்கினால் பதினாறில் ஒரு பங்கு. வீட்டுக்குள், கடைக்குள் 64 தாராளமாகப் போதும். படகு ஓட்டும்போது மட்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

கேமராவிலும் கவனம் வேண்டும். இங்கே டெக்ஸ்சர்கள் ஜேபெக் 2000 வடிவத்தில் இருப்பவை. தூரத்தில் உள்ளதற்கு மங்கலான முதல் பகுதி மட்டும் வரும். நெருங்கினால்தான் மீதி வரும். நின்ற இடத்திலிருந்தே கேமராவை நீட்டிக் கடையின் ஒவ்வொரு அலமாரியையும் உற்றுப்பார்க்கிறவர், அங்குள்ள எல்லாவற்றையும் முழு அளவில் இறக்கிக்கொண்டிருக்கிறார்.

அவதார்களின் காம்ப்ளெக்ஸிட்டி (வரைவதற்கு எவ்வளவு சிக்கல் என்ற அளவு) வரம்பைக் குறைக்கச் சொல்லிச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது கிராபிக்ஸ் கார்டின் சுமையைக் குறைக்க வந்தது. டேட்டாவுக்காக அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: இரவு அவதாரை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன். யாரும் எதையும் தொடவில்லையே, செலவு ஆகுமா?

ஆகும். அந்த நிலத்தின் உரிமையாளர் இசை ஸ்ட்ரீம் வைத்திருந்தால் அது இரவெல்லாம் ஓடும். 128 கிலோபிட் ஸ்ட்ரீம் மணிக்குச் சுமார் 58 எம்பி. எட்டு மணி நேரத்துக்கு 460 எம்பி, மாதம் முழுக்க இப்படியே போனால் 14 ஜிபிக்குக் கிட்டத்தட்ட. இசைக்குப் பதில் 5 மெகாபிட் வீடியோத் திரை ஓடினால் ஒரே இரவில் 18 ஜிபி போய்விடும். சவுண்ட் அண்ட் மீடியா பகுதியில் மீடியா தானாக ஓடுவதை நிறுத்துங்கள். ஸ்பீக்கர் ஒலியைக் குறைத்து வைப்பது நிறுத்துவதாகாது. காதில் விழாவிட்டாலும் ஸ்ட்ரீம் இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

கூட்டமான கிளப்பில் விட்டுவிட்டுப் போவது இன்னும் மோசம். வந்துபோகும் ஒவ்வோர் அவதாரின் உடையும் முடியும் உங்கள் கணினிக்கும் வந்துசேரும். உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்றால் ஆளில்லாத நிலத்தில் போய் நில்லுங்கள். அதைவிட லாக்அவுட் நல்லது.

கேள்வி: வாரம் ஒருமுறை கேஷைக் காலி செய்தால் எல்லாம் வேகமாகும் என்கிறார்களே?

டேட்டா வரம்பு உள்ள வீட்டில் இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. காலி செய்த மறுநிமிடம் முதல், ஏற்கெனவே இறக்கிய அத்தனையையும் மறுபடி இறக்க வேண்டும். டெக்ஸ்சர்கள் இடம் மாறித் தெரிகின்றன, ஒரு பொருள் எத்தனை முறை உள்ளே போய் வந்தாலும் சாம்பல் நிறமாகவே நிற்கிறது என்றால் மட்டும் காலி செய்யுங்கள். அதற்கு முன்பாக ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்து பாருங்கள்.

கேஷை நீங்கள் தொடாமலேயே பறிபோகும் வழிகளும் உண்டு. கணினியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் செயலிகள் சத்தமில்லாமல் அதைத் துடைத்துவிடும். அந்த ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேருங்கள். கேஷின் அளவு சிறியதாக இருந்தால் புதியது வர வர பழையது வெளியே தள்ளப்படும், நேற்றுப் போன கடையே இன்று புதுக் கடையாகிவிடும். டிஸ்க்கில் இடம் இருந்தால் செயலி அனுமதிக்கும் உச்ச அளவை வைத்துவிடுங்கள். செகண்ட் லைஃபுக்கு இரண்டு வியூவர் (அந்த உலகத்தைத் திறக்கும் செயலி) மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் இரண்டுக்கும் தனித்தனி கேஷ், ஆகவே இரட்டைச் செலவு. ஒரே கணினியில் அண்ணனும் தங்கையும் தனித்தனி விண்டோஸ் கணக்கில் நுழைந்தாலும் இதே கதைதான். கேஷ் பொதுவாக அந்தந்தக் கணக்கின் ஃபோல்டருக்குள் இருப்பதால் ஒருவர் இறக்கியது மற்றவருக்குப் பயன்படாது.

கேள்வி: விஆர் ஹெட்செட்டில் விஆர்சாட் என்ற மெய்நிகர் உலகம். ரவுட்டரில் பார்த்தால் ஹெட்செட் ஒரு மாலைக்கே 90 ஜிபி எடுத்ததாகக் காட்டுகிறது! இது சாத்தியமா?

கணினியில் ஓடும் காட்சியை வைஃபை மூலம் ஹெட்செட்டுக்கு அனுப்பிப் பார்க்கிறீர்களா? அப்படியானால் பதற வேண்டாம். அந்தப் படம் வினாடிக்கு 100 மெகாபிட்டில் போனால் மணிக்கு 45 ஜிபி, இரண்டு மணி நேரத்துக்கு 90 ஜிபி. ஆனால் அது கணினிக்கும் ஹெட்செட்டுக்கும் இடையே வீட்டுக்குள்ளேயே சுற்றுவது. இணைய வரம்பில் சேராது. ரவுட்டர் ஒவ்வொரு சாதனத்தின் வைஃபை போக்குவரத்தையும் காட்டும்போது இதையும் கூட்டிவிடும். வேன் (WAN, வெளி இணைய இணைப்பு) என்ற தலைப்பில் உள்ள எண்ணைப் பாருங்கள், அதுதான் வெளியே போய்வந்தது.

விஆர்சாட்டின் உண்மையான செலவு உலகங்களும் அவதார்களும். ஓர் உலகத்தில் நுழைய அதன் ஃபைல் முழுவதும் இறங்கியாக வேண்டும். தனித்து இயங்கும் ஆண்ட்ராய்டு ஹெட்செட்டில் உலகத்துக்கு 100 எம்பி, அவதாருக்கு 10 எம்பி என்று உச்சவரம்பு இருக்கிறது. கணினியில் அந்தக் கடிவாளம் மிகத் தளர்வு. அவதார் செட்டிங்ஸில் இறக்கும் அளவுக்கு வரம்பு வைக்கலாம். வரம்பை மீறிய அவதார் இறங்காது; அந்த ஆள் ஒரு பொது உருவமாகத் தெரிவார், குரல் கேட்கும். பொது இடங்களுக்கு இதைக் கடுமையாக வைத்துக்கொண்டு, நண்பர்களுடையதை மட்டும் தனியே காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ரவுட்டரில் பையனின் கணினியை 2 மெகாபிட்டுக்குக் கட்டிப்போட்டால் டேட்டா மிச்சமாகுமா?

வீடியோவில் மிச்சமாகும். வேகம் குறைந்தால் வீடியோத் தளம் தானே தரத்தை இறக்கிக்கொள்ளும். மெய்நிகர் உலகில் அப்படி இல்லை. இறங்க வேண்டிய 300 எம்பி எப்படியும் 300 எம்பிதான், மெதுவாக இறங்கும், அவ்வளவே. அதற்குள் பாதிப் பொருள்கள் சாம்பலாக நிற்கும், இணைப்பு அறுந்து மறுபடி நுழைய வேண்டிவரும். அது போக, 2 மெகாபிட் இடைவிடாமல் ஓடினாலே நாளுக்கு 21.6 ஜிபி, 30 நாளில் 648 ஜிபி. உங்கள் வரம்பு 500 என்றால் இந்தப் பூட்டு பூட்டே அல்ல. ரவுட்டரில் உள்ள கியூஓஎஸ் வசதி என்பதும் யாருக்கு முன்னுரிமை என்று வரிசை போடுவதுதான், அளவைக் குறைப்பதல்ல.

கேள்வி: இணைய நிறுவனம் சொல்லும் எண்ணும் என் கணினி காட்டும் எண்ணும் ஒத்துப்போகவில்லை.

பல நிறுவனங்கள் ஜிபியை ஆயிரக் கணக்கில் எண்ணுகின்றன; விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணும். நிறுவனத்தின் 500 ஜிபி விண்டோஸில் சுமார் 466 ஆகத் தெரியும். பெரும்பாலும் அப்லோடும் வரம்பில் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம். பதிவு செய்த கேம் வீடியோ தானாகக் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். ரவுட்டர் பட்டியலில் அடையாளம் தெரியாத சாதனங்கள் முளைத்தால் உடனே அக்கம்பக்கத்தாரைச் சந்தேகிக்க வேண்டாம். பல போன்கள் மேக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்ணை) மாற்றிக் காட்டுகின்றன, ஒரே போன் இரண்டாகத் தெரியலாம். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்தால் கணக்கு சீராகும்.

கேள்வி: மைன்கிராஃப்ட்டும் இப்படித்தானா?

இல்லை. டெக்ஸ்சர் எல்லாம் உங்கள் டிஸ்க்கிலேயே இருக்கும்; சர்வரிலிருந்து வருவது எந்தக் கட்டை எங்கே என்கிற சங்க் (உலகின் சதுரத் துண்டு) தகவல் மட்டும். சில சர்வர்கள் நுழையும்போது ரிசோர்ஸ் பேக் (அந்த சர்வரின் சொந்தப் படம், ஒலித் தொகுப்பு) இறக்கச் சொல்லும், அது ஒருமுறைச் செலவு. நீங்களே வீட்டில் சர்வர் வைத்து நண்பர்களை அழைத்தால்தான் கணக்கு திரும்பும்: எத்தனை பேர் நுழைகிறார்களோ அத்தனை பேருக்கும் உங்கள் இணைப்பு தனித்தனியே அனுப்ப வேண்டும். சர்வர் ஃபோல்டரில் உள்ள அமைப்பு ஃபைலில் வியூ டிஸ்டன்ஸ் (ஒவ்வொரு பக்கமும் எத்தனை சங்க்) 10 என்று இருக்கும். ஒவ்வொருவரைச் சுற்றியும் 21க்கு 21, அதாவது 441 சங்க். அதை 6 ஆக்கினால் 13க்கு 13, 169 சங்க். மாற்றிய பிறகு சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டால்தான் புதிய எண் நடைமுறைக்கு வரும்.