மொரீசியஸ் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டால் தம்பி வந்துவிடுவானா?

கேள்வி: மொரீசியஸுக்குக் கட்டட வேலைக்குப் போன என் தம்பிக்குப் போதைப்பொருள் வழக்கில் ஏழு வருடம் ஜெயில். தீர்ப்பு வந்து நாலு மாதம் ஆகிறது. அவனை அனுப்பிவைத்த ஏஜென்ட்டே இப்போது வந்து, "அங்கே ஜனாதிபதி நினைத்தால் மன்னிப்பு. நம்மாளு ஒருத்தர் அரண்மனையிலேயே இருக்கார். மார்ச் 12 அவங்க தேசிய நாள், அதுக்குள்ள எடுத்துடலாம், மூணு லட்சம் ஆகும்" என்கிறார். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா?
(வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்)

பதில்: கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் நகையைப் பீரோவில் வையுங்கள்.

ஏஜென்ட் சொன்னதில் கால்வாசி உண்மை. அந்தக் கால்வாசியை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். மொரீசியஸ் அரசியல் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, தண்டனையை மன்னிக்கவும் குறைக்கவும் ஜனாதிபதிக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அவர் தன் விருப்பப்படி செய்ய முடியாது. கருணை மனுக்களைப் பரிசீலிக்கத் தனி ஆணையம் உண்டு. அது சொல்கிறபடிதான் அவர் நடக்க வேண்டும். 'இன்னொரு முறை யோசியுங்கள்' என்று கோப்பைத் திருப்பி அனுப்பலாம். மறுபரிசீலனைக்குப் பிறகும் ஆணையம் முடியாது என்றால், முடியாதுதான்.

ஆப்பிரிக்க நாட்டு ஜனாதிபதி என்றதும் முப்பது வருடம் நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருக்கும் ஆள்தான் நமக்கு ஞாபகம் வருகிறார். மொரீசியஸில் கதை வேறு. 1968 மார்ச் 12-இல் விடுதலை பெற்ற பிறகும் 24 வருடம் பிரிட்டிஷ் ராணிதான் அங்கே அரசி. அவர் பெயரில் ஒரு கவர்னர் ஜெனரல். 1992-இல் அதே மார்ச் 12 அன்று நாடு குடியரசானது. கடைசி கவர்னர் ஜெனரலான வீராசாமி ரிங்காடு, தமிழ் வம்சாவளி, அப்படியே முதல் ஜனாதிபதி ஆனார். கவர்னர் ஜெனரல் இருந்த லே ரெடுய் மாளிகையும் அதேதான், பெயர்ப்பலகைதான் புதிது. ஜனாதிபதிக்கு மக்கள் ஓட்டுப் போடுவதில்லை. பிரதமர் பெயரை முன்மொழிய, விவாதமே இல்லாமல் நாடாளுமன்றம் பெரும்பான்மையில் தேர்ந்தெடுக்கும். பதவிக்காலம் 5 ஆண்டு.

2002-இல் என்ன நடந்தது என்று தெரிந்தால் உங்களுக்கே விளங்கும். பயங்கரவாதத் தடுப்பு மசோதாவில் கையெழுத்திட மனமில்லாத ஜனாதிபதி காசம் உத்தீம், முடியாது என்று சொல்லிவிட்டு அதே நாற்காலியில் உட்கார முடியவில்லை, ராஜினாமா செய்தார். துணை ஜனாதிபதி அங்கிடி செட்டியாரும் கையெழுத்துப் போடாமல் விலகினார். அடுத்து தற்காலிகமாகப் பொறுப்பேற்ற தலைமை நீதிபதி அரிரங்கா பிள்ளை போட்டார்; மசோதா சட்டமானது. தனக்குப் பிடிக்காத ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பதற்கே பதவியை விட வேண்டியிருந்தது. உங்கள் ஏஜென்ட்டின் 'அரண்மனை ஆள்' மட்டும் மூணு லட்சத்தில் காரியத்தை முடித்துவிடுவாராம்.

இன்னும் கொஞ்சம் படித்த ஏஜென்ட் வேறொரு வலை வீசுவார். அதை விலாவாரியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் கல்லூரி வாத்தியார்கூட விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். 'அந்த ஆணைய உறுப்பினர்களை நியமிப்பதே ஜனாதிபதிதான், அவர் ஆட்கள் அவர் பேச்சைத் தட்டுவார்களா?' என்பார். நியமிப்பது உண்மைதான். பிரதமரைக் கேட்காமல், தன் சொந்தத் தீர்மானத்தில் ஜனாதிபதி செய்யக்கூடிய ஒருசில காரியங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அது ஆளை நியமிக்கும் அதிகாரம். தம்பியின் மனுவில் இப்படி முடிவெடுங்கள் என்று அந்த ஆளுக்கு உத்தரவு போடும் அதிகாரம் அதில் இல்லை. கல்யாணத்துக்குச் சமையல்காரரை வைத்தது நீங்கள் என்பதால், பந்தியில் யாருக்கு வடை என்பதை உங்கள் வீட்டு வாட்ச்மேன் காசு வாங்கிக்கொண்டு முடிவு செய்ய முடியுமா? ஏஜென்ட் விற்பது அந்த வடையைத்தான்.

'அங்கே நம்ம தமிழங்கதான் எல்லாம்' என்றும் சொல்லியிருப்பார். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை, எல்லாம் சரி. மனுவைப் படிப்பவர் உங்கள் ஊர் பாஷையைப் பார்த்து இரங்க மாட்டார்.

ஆக வேண்டியதைப் பார்ப்போம். முதலில் மேல்முறையீடு. அதற்கான அவகாசம் நாள் கணக்கில்தான் இருக்கும்; நாலு மாதம் போய்விட்டது. தம்பியின் வக்கீல் அப்போதே தாக்கல் செய்தாரா என்று கேட்டு, வழக்கு எண்ணை எழுதி வாங்குங்கள்.

மேல்முறையீடு இல்லை, தீர்ப்பு இறுதி என்றால் நான் கேட்கச் சொல்வது மன்னிப்பு அல்ல, மாற்றம். தண்டனைக் கைதிகளைச் சொந்த நாட்டுச் சிறைக்கு மாற்ற இந்தியாவுக்கும் மொரீசியஸுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. நம் பக்கத்தில் 2003-ஆம் ஆண்டு கைதிகள் தாயகம் திரும்பும் சட்டம். விடுதலை கிடையாது, மிச்சத் தண்டனையை இங்கே கழிப்பான், நீங்கள் பஸ் ஏறிப் போய் மனு போட்டுப் பார்க்கலாம். தம்பி சம்மதிக்க வேண்டும், இரண்டு அரசுகளும் சம்மதிக்க வேண்டும். 'இரண்டு அரசுகளும்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மொரீசியஸ் தலைநகர் போர்ட் லூயிஸ், டெல்லி, சென்னை என்று எத்தனை மேஜைகள் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு கையெழுத்துக்குக் கோப்பு தூங்கும். எழுப்பப் போனால் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி வரும். இந்தத் தூக்கத்தால்தான் ஏஜென்ட்டுகளுக்கு வீடு எழும்புகிறது. இருந்தும் வழி இதுதான், இதற்கு லட்சம் தேவையில்லை.

கருணை மனுவையும் தம்பி தாராளமாகப் போடலாம். சிறை நிர்வாகம் மூலமாக அவனே எழுதிக் கொடுக்கட்டும். ஏஜென்ட் டைப் அடித்துத் தரும் மனுவில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். செய்யாத காரியத்தையும் ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்த ஒரு மனுவை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவர் அதற்கும் காசு வாங்கியிருந்தார்.

நாளைக்கே வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதிவு செய்யுங்கள். போர்ட் லூயிஸில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு அது போகும். தம்பியின் பாஸ்போர்ட் நகல், தீர்ப்பு நகல், வழக்கு எண், எந்தச் சிறை என்ற விவரம், நீங்கள் அக்கா என்பதற்கு ரேஷன் கார்டு, இவற்றைத் தயாராக வையுங்கள். ஏஜென்ட் மறுபடி வந்தால் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுகளின் பதிவைப் பார்க்கும் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த எண் இல்லையென்றால், மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கு எழுதும் புகாரில் மூணு லட்சம் கேட்ட தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.