ஆலயச் சுவரில் ஓதம்: டைல்ஸ் ஒட்டலாமா?

கேள்வி: எங்கள் பங்கு ஆலயம் கடற்கரையோரம், நூறு வருஷத்துக்கு முன் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. சுவரின் அடியில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் சிமெண்ட் பூசினோம்; இப்போது அதற்கும் மேலே ஓதம் ஏறிவிட்டது. கொடியேற்றத்துக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. உபகாரி ஒருவர் நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டித் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா?
— பங்குப் பேரவை உறுப்பினர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தயவுசெய்து ஒட்டாதீர்கள். ஒட்டினால் நாலடிக்கு மேலே ஓதம் கிளம்பும். டைல்ஸுக்குப் பின்னால் செங்கல் மாவாக உதிர்வதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

பழைய காரைச் சுவர் தண்ணீரை உறிஞ்சும். வெயிலிலும் காற்றிலும் அதை வெளியே விட்டுவிடும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுவரின் மேற்பரப்பில் ஆவியாகும்போது, அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே தங்கிப் பூக்கிறது. நீங்கள் பூசிய சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. அதனால்தான் ஈரம் பூச்சைத் தாண்டி மேலே ஏறி வெளிவருகிறது. பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட் செய்வதும் ஏறக்குறைய இதையேதான்.

ஆகவே கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நல்ல மழை பெய்யும்போது ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆலயத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரடியிலேயே முடிகிறதா? கை கழுவும் குழாயும் பூந்தொட்டிகளும் சுவரை ஒட்டி இருக்கின்றனவா? எல்லாவற்றையும்விட முக்கியம், வெளித்தரையின் மட்டம். ஜூபிலிக்கு ஒரு தடவை, தேர் சுற்றி வர வசதியாக ஒரு தடவை என்று பழைய தளத்தின் மேலேயே பேவர் பிளாக் போட்டுக்கொண்டே போவார்கள். கடைசியில் வெளித்தரை உள்தரையின் உயரத்துக்கு வந்துவிடும். மழைநீர் சுவரில் தெறிக்கும். மண்ணுக்குள் இருக்கும் ஈரமும் ஆவியாக வழியில்லாமல் சுவரில் ஏறும். நான் பார்த்த பழைய ஆலயங்களில் பாதிக் கோளாறு இதுதான்.

சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு அந்தத் தளத்தைப் பெயர்த்தெடுங்கள். அந்தப் பட்டை உள்தரையைவிட அரையடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். அதில் ஜல்லியை நிரப்பி, தண்ணீர் அங்கே தேங்காமல் வெளியேற வழி செய்யுங்கள். அதற்கு அப்பால் உள்ள தரையின் வாட்டம் வெளிப்பக்கமாக இருக்கட்டும். அடித்தளக் கல் தெரிந்தால் அதற்குக் கீழே தோண்ட வேண்டாம்.

அடுத்து, சிமெண்ட் பூச்சைக் கையுளியால் கொத்தி எடுக்க வேண்டும். பிரேக்கர் இயந்திரம் வைத்தால் செங்கல்லும் சேர்ந்து வந்துவிடும். உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்து, கீழே விழுந்த தூளையும் அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். பிறகு ஒரு கோடைக்காலம் முழுவதும் சுவரைத் திறந்தே விடுங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது.

காய்ந்த பிறகு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, நன்றாகக் கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு, கொஞ்சம் சுர்க்கி (செங்கல் தூள்) சேர்த்துப் பூசுங்கள். கடல் மணல் கூடவே கூடாது. ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். சில நாளைக்கு ஈரச்சாக்கு கட்டி வெயில் படாமல் காக்க வேண்டும். கடுக்காய், வெல்லம் சேர்க்கும் கைப்பக்குவம் தெரிந்த பழைய கொத்தனார் கிடைத்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். முதல் பூச்சு சுவரில் மிஞ்சிய உப்பை இழுத்துக்கொண்டு உதிரலாம். அது தோல்வி அல்ல. உதிர்ந்த இடத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசுங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும். கடலோர மண்ணில் உப்பு முழுவதுமாக ஓயாது. ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன் வெள்ளையடிக்கும் பழைய வழக்கம் இந்தச் சுவருக்குப் பொருத்தமானது.

இரண்டு மாதத்தில் இதெல்லாம் முடியாது. முடிக்கவும் முயல வேண்டாம். கொடியேற்றத் தேதியை வைத்து மராமத்துக்கு நாள் குறிப்பதுதான் நம் ஆலயங்களை அதிகம் கெடுக்கிறது. இந்த வருஷம் கொத்திய சுவரோடு திருவிழா நடக்கட்டும். காரணத்தைப் பங்குத்தந்தை பூசை அறிவிப்பில் சொன்னால் மக்கள் புரிந்துகொள்வார்கள். தோரணத் துணியைச் சுவரில் ஒட்டாமல் நாலு விரல் தள்ளிக் கட்டுங்கள்.

உபகாரியின் மனம் நோக வேண்டாம். மழைநீர்க் குழாய், வடிகால், மணிக்கூண்டின் இடிதாங்கி என்று உபயம் தேவைப்படும் வேலை எவ்வளவோ இருக்கிறது. இடிதாங்கியின் எர்த்திங்கை மண் காய்ந்திருக்கும் கோடையில் சோதிக்க வேண்டும். அதன் மின்தடை 10 ஓமுக்குள் இருப்பது நல்லது. மணிக்கூண்டு இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் தண்டை வெட்டினால் மட்டும் போதாது, வேரும் சாக வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் மதிப்பீட்டை நிதிக்குழுவில் வையுங்கள். சாதாரண நிர்வாக வரம்பைத் தாண்டும் பணிக்கு எழுத்துவடிவ அனுமதி வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (எண் 1281). அந்த வரம்பு எது என்பதை மறைமாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். சுவர் வேலையோடு சேர்த்துப் பழைய சுரூபங்களுக்கும் (புனிதர் சிலைகளுக்கும்) எனாமல் அடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். பழமையாலோ கலையாலோ வணக்கத்தாலோ மதிப்புப் பெற்ற சுரூபங்களைச் சீரமைக்க, எண் 1189இன்படி தனியாக எழுத்து அனுமதி வேண்டும். நிபுணர்களைக் கலந்த பிறகே அதைத் தருவார்கள்.