கொல்லையில் ஒரு குளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுக் கொல்லையில் தங்கள் கையாலேயே குளம் வெட்ட நினைப்பவர்களும், வெட்டிவிட்டுச் சிக்கலில் நிற்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் குளம் வெட்ட ஆசை. தோட்டத்தின் மூலையில் ஒரு பள்ளம் இருக்கிறது, மழைத் தண்ணீர் தானாகவே அங்கே தேங்கும். அங்கேயே வெட்டலாமா? எவ்வளவு ஆழம் வேண்டும்?

அந்தப் பள்ளம் வேண்டாம். இயற்கையே இடம் காட்டிக்கொடுத்தது போலத் தோன்றினாலும், ஒவ்வொரு மழைக்கும் தோட்டத்துச் சேறும் உரமும் நேராகக் குளத்துக்குள் வந்து சேரும். அதைவிடப் பெரிய தொல்லை அடியில் இருக்கிறது. தாழ்ந்த இடத்தில் மண்ணுக்குள் ஊறும் தண்ணீர் லைனரை, அதாவது தண்ணீர் மண்ணில் இறங்காமல் குளத்துக்குள் விரிக்கும் விரிப்பை, கீழிருந்து தூக்கிவிடும். நடுக்குளத்தில் பெரிய கொப்புளம் எழும்பி நிற்கும், மேலே கல் வைத்தாலும் அடங்காது. சற்று மேடான, தினமும் ஐந்தாறு மணி நேரம் வெயில் விழும் இடமாகப் பாருங்கள். மரத்தடியும் ஆகாது. உதிரும் இலை அடியில் அழுகும், வேர் லைனருக்குக் கீழே புகும். மண்வெட்டி எடுக்கும் முன் அந்த இடத்தில் குழாயோ மின்கம்பியோ புதைந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆழம் 60 செ.மீ. போதும். மீன் விடப்போவதில்லை என்றால் 45 செ.மீ. கூடச் சரிதான். சுவரைச் செங்குத்தாக வெட்டினால் மண் சரியும், அதனால் கொஞ்சம் உட்சரிவாக வெட்டுங்கள். மேல்மட்டத்திலிருந்து 25 செ.மீ. கீழே, 30 செ.மீ. அகலத்தில் ஒரு படி விடுங்கள், கரையோரச் செடிகள் அதில்தான் நிற்கும். ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு பங்கு இறங்க மூன்று பங்கு நீளம் என்ற கணக்கில் மெல்லிய சரிவு வேண்டும். 25 செ.மீ. ஆழத்துக்கு 75 செ.மீ. நீளம். பறவை குளிப்பதும் தவளை ஏறுவதும் அந்த வழியில்தான். தவறி விழுந்த அணில் உயிர் தப்புவதும் அங்கேதான்.

வடிவத்துக்குத் தண்ணீர்க் குழாயைத் தரையில் வளைத்துப்போட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து இரண்டு நாள் பாருங்கள். பெரிய வளைவுகள் இரண்டு மூன்று போதும். குறுகலான வளைவுகளில் லைனர் மடிப்பு மடிப்பாகச் சேரும், அதை மறைக்கவே முடியாது.

கேள்வி: லைனர் எவ்வளவு வாங்குவது? சிமென்ட் தொட்டியாகவே கட்டிவிட்டால் நிரந்தரமாக இருக்காதா?

நீளத்தோடு ஆழத்தின் இருமடங்கைக் கூட்டுங்கள், கரைக்கு மேலும் 60 செ.மீ. சேருங்கள். அகலத்துக்கும் அதே கணக்குத்தான். உங்கள் குளத்துக்கு 3 + 1.2 + 0.6 = 4.8 மீட்டர் நீளம், 2 + 1.2 + 0.6 = 3.8 மீட்டர் அகலம். நடுவில் படிகள் எத்தனை விட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. படிகளின் கிடைமட்ட அளவுகளைக் கூட்டினால் குளத்தின் நீளம்தான் வரும், உயரங்களைக் கூட்டினால் ஆழத்தின் இருமடங்குதான் வரும். பள்ளம் வெட்டி முடித்து, அதையே அளந்த பிறகு வாங்குங்கள். காகிதத்தில் போட்ட அளவும் மண்ணில் வெட்டிய அளவும் ஒன்றாக வருவது அபூர்வம்.

1 மி.மீ. தடிமனுள்ள ஈ.பி.டி.எம். ரப்பர் லைனர் நன்றாக வளையும், மூலைகளில் படிந்து உட்காரும், வெயிலைத் தாங்கும். பி.வி.சி. லைனரும் உழைக்கும், ஆனால் வெயில் நேரடியாகப் படும் இடத்தில் நாளடைவில் விறைத்து வெடிக்கும். சாதாரணத் தார்ப்பாய் இந்த வேலைக்கு ஆகாது.

லைனருக்கு அடியில் என்ன போடுகிறீர்கள் என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. பள்ளத்தில் செருப்பில்லாமல் நடந்து, காலில் குத்துகிற கல்லையும் வேர்முனையையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுங்கள். பிறகு ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள ஜியோடெக்ஸ்டைல் என்ற தடித்த பாதுகாப்புத் துணியை விரியுங்கள். மணல் மட்டும் போதும் என்பார்கள். தரைக்குச் சரி, சரிவில் மணல் நிற்காமல் வழிந்து அடியில் சேர்ந்துவிடும்.

சிமென்ட் நிரந்தரம் என்பது பாதி உண்மை. கம்பி கட்டாமல் பூசிய தொட்டி மண் இளகும்போது விரிசல் விடும். புதிய சிமென்டிலிருந்து சுண்ணாம்பும் கசியும். அதனால் தண்ணீரின் காரத்தன்மை ஏறி மீன் செத்துப்போகும். இயற்கையாகத் தெரிய வேண்டும் என்றால் லைனர்தான் எளிது.

கேள்வி: குளம் வெட்டி ஒரு மாதம் ஆகிறது. ஒரு பக்கம் தண்ணீர் விளிம்பைத் தொடுகிறது, எதிர்ப்பக்கம் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பு லைனர் தெரிகிறது. சுற்றிலும் உருண்டைக் கல் வைத்தும் பொம்மைக் குளம் போலவே இருக்கிறது. என்ன தவறு?

இரண்டு தவறுகள், இரண்டும் கரையில். கொல்லைக் குளம் இயற்கையாகத் தெரிவதும் தெரியாததும் கரையில்தான் தீர்மானமாகிறது, அதனால் இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறோம்.

முதலாவது மட்டம். தரை சமமாக இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும், தண்ணீர் விட்டால்தான் உண்மை தெரியும். 3 மீட்டர் தூரத்தில் 8 செ.மீ. ஏற்றத்தாழ்வைக் கண் கண்டுபிடிக்காது. கொத்தனார்கள் வைத்திருக்கும் மட்டக்குழாயால் கரை முழுக்க அரை மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, எல்லாக் குச்சியிலும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் குளத்தை இப்போதும் திருத்தலாம். 20 செ.மீ. தண்ணீரை இறைத்துவிட்டு, தாழ்ந்த பக்கத்து லைனரைப் பின்னோக்கிச் சுருட்டி, குறி வரைக்கும் மண்ணைப் போடுங்கள். ஒரே தடவையில் கொட்டாமல் 5 செ.மீ. கனத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு, லேசாக நனைத்து, ஒவ்வொரு அடுக்கையும் கட்டையால் இடித்து இறுக்குங்கள். இடிக்காத மண் அடுத்த மழையில் மறுபடி அமுங்கும்.

இரண்டாவது, கல் உட்காரும் இடம். நீங்கள் கல்லை லைனரின் மேல்விளிம்பில், தண்ணீருக்கு வெளியே வைத்திருக்கிறீர்கள். ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ கல் பாதி தண்ணீருக்குள் இருக்கும், நீர்க்கோடு கல்லின் நடுவில் ஓடும். அதற்கு நீர்மட்டத்திலிருந்து 12 செ.மீ. கீழே, 25 செ.மீ. அகலத்தில் ஒரு தனிப்படி கரையோரமாக வெட்ட வேண்டும். லைனர் அந்தப் படியின் மேல் படிந்து, கல்லுக்குப் பின்னால் நிமிர்ந்து, நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே வந்து முடிய வேண்டும். படியில் லைனர் மேல் ஜியோடெக்ஸ்டைல் துண்டு ஒன்றைப் போட்டு அதன்மேல் கல்லை வையுங்கள். பின்னால் உள்ள இடைவெளியைச் சரளையால் நிரப்புங்கள். லைனரின் நிமிர்ந்த நுனிக்கு வெளிப்புறம்தான் தோட்டத்து மண் வர வேண்டும். இப்படிச் செய்தால் தண்ணீர் கல்லுக்கு அடியில் புகுந்து எங்கோ போவது போலத் தெரியும், லைனர் ஒரு விரல்கூட வெளியே தெரியாது.

கல் அடுக்கும் முறையும் முக்கியம். ஒரே அளவுக் கற்களை மாலை கோத்தது போல வரிசையாக வைத்தால் எந்தக் குளமும் பொம்மையாகிவிடும். ஒரே வகைக் கல், ஆனால் பல அளவுகள். பெரிய கல்லை முதலில் வையுங்கள், மூன்றில் ஒரு பங்கு புதைந்து இருக்கட்டும். அதை ஒட்டி நடுத்தரக் கல் இரண்டு, சந்துகளில் கூழாங்கல். கல்லில் வரி ஓடினால் எல்லாக் கல்லிலும் அது ஒரே திசையில் படுக்கட்டும், ஒரே பாறையிலிருந்து உடைந்தது போல இருக்கும். கரை முழுவதும் கல்லே வேண்டும் என்பதில்லை. ஒரு பக்கம் வெறும் சரளைச் சரிவாக இருக்கலாம். இன்னொரு பக்கம் வல்லாரையும் நீர்ப்பிரம்மியும் படர்ந்து தண்ணீருக்குள் இறங்கட்டும்.

கரையில் மிஞ்சும் லைனரை வெட்டுவது கடைசி வேலை. குளம் நிரம்பி, கல் எல்லாம் உட்கார்ந்து, ஒரு வாரம் போகட்டும். தண்ணீரின் பாரத்தில் லைனர் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுபடும்.

கேள்வி: தினமும் 4 செ.மீ. தண்ணீர் குறைகிறது. லைனர் கிழிந்துவிட்டதா?

உங்கள் குளம் 3-க்கு 2 மீட்டர் நீள்வட்டம், மோட்டாரில் ஓடும் அருவியும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவுக்கு 4 செ.மீ. என்பது சுமார் 190 லிட்டர். கடும் வெயிலில் ஆவியாவது ஒரு நாளைக்கு 1 செ.மீ.க்குள்தான் இருக்கும். எனவே தண்ணீர் எங்கோ போகிறது. ஆனால் கிழிசலைத் தேடிக் குளத்தைக் காலி செய்யாதீர்கள்.

ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, குளத்தின் படியிலேயே பாதி மூழ்கும்படி வையுங்கள். வாளிக்குள்ளும் வெளியிலும் நீர்மட்டத்தைக் குறியுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் குளத்தில் குறையில்லை, அருவிப் பாதையில்தான் தண்ணீர் வெளியே தெறிக்கிறது அல்லது கசிகிறது. குளம் மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால், மோட்டார் போடாமல் அப்படியே விடுங்கள். எந்த மட்டத்தில் இறங்குவது நிற்கிறதோ அந்தக் கோட்டில்தான் ஓட்டை. மீன் இருந்தால் ஆழமான பகுதியில் தண்ணீர் போதுமா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒருமுறை கரையைச் சுற்றி நடந்து பாருங்கள். வெளிப்புற மண்ணில் ஒரு கோடு மட்டும் எப்போதும் கறுத்து ஈரமாக இருக்கிறதா? விளிம்பைத் தாண்டிப் புல் வேரோ பாசியோ தண்ணீரில் தோய்ந்து கிடக்கிறதா? விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல அது இரவும் பகலும் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். அங்கே லைனரின் நுனியை நிமிர்த்தி, மண்ணுக்கும் தண்ணீருக்கும் தொடர்பு இல்லாமல் செய்தால் கசிவு அன்றே நிற்கும். கசிவு என்று வரும் புகார்களில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: மூன்றாவது வாரம் தண்ணீர் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. இரண்டு முறை மாற்றியும் திரும்ப வருகிறது.

மாற்றுவதால்தான் திரும்ப வருகிறது. பச்சை என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி. அதற்கு வெயிலும் சத்தும் வேண்டும். புதுத் தண்ணீரோடு புதுச் சத்தும் வருகிறது, மெல்ல வளர்ந்துவந்த நல்ல பாக்டீரியாவும் போய்விடுகிறது. புதுக் குளம் பச்சையாவது இயல்புதான், செடிகள் பிடித்ததும் தெளியும்.

நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் இலை நிழல் விழட்டும், அதற்கு அல்லி போதும். தொட்டியில் வைக்கும்போது தொழு உரமோ பைகளில் விற்கும் கலவை மண்ணோ போடாதீர்கள், அதுவே பாசிக்கு விருந்தாகிவிடும். கனமான தோட்டத்துக் களிமண்ணை நிரப்பி, மேலே ஒரு விரல்கடை சரளை பரப்புங்கள். தண்ணீருக்குள் மூழ்கி வளரும் செடிகளையும் நாலைந்து கொத்து போடுங்கள், சத்தை உறிஞ்சுவதில் அவைதான் முந்தும். ஆகாயத்தாமரையைத் தொடாதீர்கள், அது வெள்ளத்தோடு நீர்நிலைகளுக்குப் போனால் அவற்றை மூடிவிடும். சம்பும் நாணலும் அழகுதான், ஆனால் அவற்றின் கூரிய கிழங்குமுனை லைனரைத் துளைக்கும்.

நூல்போல் நீளும் பாசியை ஒரு குச்சியில் சுற்றி இழுத்து எடுங்கள். மருந்து ஊற்றி ஒரேயடியாகக் கொன்றால், செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடும், விடியற்காலையில் மீன்கள் மிதக்கும்.

கேள்வி: சிறிய அருவி வைக்க எந்த அளவு மோட்டார்?

குளம் நிரம்பும்போதே எத்தனை லிட்டர் பிடித்தது என்று அளந்து எழுதி வையுங்கள். 20 லிட்டர் வாளி எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பார்த்து, குளம் நிரம்பிய நேரத்தை விநாடியாக்கி அதனால் வகுத்து, 20-ஆல் பெருக்கினால் போதும். 2,000 லிட்டர் குளத்துக்கு மணிக்கு 1,000 முதல் 2,000 லிட்டர் சுழற்சி போதுமானது. அருவிக்குக் கணக்கு வேறு. விழும் விளிம்பின் ஒவ்வொரு செ.மீ. அகலத்துக்கும் மணிக்குச் சுமார் 150 லிட்டர் வேண்டும், 20 செ.மீ. அகலத்துக்கு 3,000 லிட்டர். மோட்டார் பெட்டியில் அச்சிட்ட எண் உயரமே இல்லாமல் தள்ளும் அளவு. உங்கள் அருவியின் உயரத்தில் எவ்வளவு தள்ளும் என்று உடன்வரும் அட்டவணையில் பாருங்கள். 12 மி.மீ. குழாய் போட்டால் நல்ல மோட்டாரும் மூச்சுத் திணறும், 25 மி.மீ. போடுங்கள்.

மோட்டாரை அடியில் வைக்காமல் படியில் வையுங்கள். குழாய் நழுவினால் அது குளம் முழுவதையும் இறைத்துவிடாமல் பாதியோடு நிற்கும். மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவு மின்துண்டிப்பான் கட்டாயம் இருக்க வேண்டும், அதை மின்பணியாளரே செய்யட்டும்.

கேள்வி: கொசு வராதா? மீன் எப்போது விடலாம்?

வெப்பமான காலத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள். சலனமுள்ள தண்ணீரில் அது முட்டையிடத் தயங்கும், இட்டதை மீன் தின்னும். செடி அடர்ந்த மூலைகளுக்குள் மீனால் நுழைய முடியாது, அங்கே அவ்வப்போது செடியைக் கழித்து விடுங்கள். மீன் இல்லாத குளத்துக்கு பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது, அது கொசுப்புழுவைக் கொல்லும், மீனையும் தவளையையும் ஒன்றும் செய்யாது.

மீனுக்கு அவசரப்படாதீர்கள். கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் பாக்டீரியா பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். முதலில் மூன்று நாலு சிறு மீன், மாதம் கழித்து இன்னும் கொஞ்சம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் இரண்டு நாள் திறந்த தொட்டியில் வைத்தால் போய்விடும். குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமைன் அப்படிப் போகாது, அதற்கு நீக்கும் மருந்து வேண்டும். மீனைக் குளத்திலிருந்து எடுத்து ஆற்றிலோ ஏரியிலோ ஒருபோதும் விடாதீர்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

அப்படியானால் வேலி போட்டுப் பூட்டு வையுங்கள், அல்லது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஆள் ஏறி நின்றாலும் வளையாத இரும்பு வலையைக் கரையில் இறுக்குங்கள். முழங்கால் ஆழம்கூட வேண்டாம், சில அங்குலத் தண்ணீரே சிறு குழந்தைக்கு ஆபத்து. இரண்டும் முடியாது என்றால் குழந்தை வளரும்வரை குளத்தைத் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: தவளையை எங்கிருந்து பிடித்து வந்து விடுவது?

பிடித்து வர வேண்டாம். வேறு குளத்துத் தவளையோடு அதன் நோயும் வரும். அந்த மெல்லிய சரிவைச் சரளை போட்டுத் திறந்து வையுங்கள், பக்கத்தில் கொஞ்சம் உயரமான புல்லும் நிழலும் இருக்கட்டும், தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துங்கள். முதலில் நீர்மேல் ஓடும் பூச்சிகள் வரும், பின்னால் தும்பி வந்து செடித் தண்டில் முட்டையிடும். அருகில் தவளைகள் இருந்தால் மழைக்காலத்தில் ஓர் இரவு அவையும் வந்துவிடும்.