பதில்: புது போன் சூடாகுது, சாயங்காலமே சார்ஜ் காலி

108 மெகாபிக்சல் கேமரா, 120 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன், 5ஜி எல்லாம் இருக்கேன்னு வாங்கினேன், ஒரே மாசத்துல 4 மணிக்கே சார்ஜ் காலி, கை சுடுதுன்னு போட்டிருக்கீங்க. பீஸ் கோளாறுன்னு உடனே முடிவு பண்ணாதீங்க ப்ரோ. முதல்ல டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல 60 ஹெர்ட்ஸுக்கு மாத்துங்க, செகண்டுக்கு 120 தடவை ஸ்கிரீன் மாறிட்டே இருந்தா பேட்டரி என்னதான் பண்ணும். தாம்பரத்துலேர்ந்து பீச் வரைக்கும் ட்ரெயின்ல போறேன்னு சொன்னீங்கல்ல, வண்டி ஓட ஓட டவர் மாறி சிக்னல் தேடியே பாதி சார்ஜ் போயிடும், அந்த நேரம் 4ஜில போட்டுடுங்க. மே மாச வெயில்ல பைக் ஹோல்டர்ல மாட்டி மேப்பும் போட்டு சார்ஜும் குத்தி வைக்கறது வேணவே வேணாம்.

அந்த 108 கதை இருக்கே, சாதா மோட்ல 9 பிக்சல ஒண்ணா சேத்து 12 மெகாபிக்சல் படமாத்தான் தரும். கூட இருக்கற 2 மெகாபிக்சல் மேக்ரோ, அதாவது ரொம்ப கிட்ட வெச்சு எடுக்கற கேமரா, சும்மா எண்ணிக்கைக்கு, இலை ஓரத்துல வைக்கற உப்பு மாதிரின்னு சொல்லலாம்னு பாத்தா உப்பாவது ருசிக்கு ஆகும்.

ரெண்டு நாள் பாருங்க, சரியாகலன்னா கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்க. ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி வெளிக்கடைல குடுத்து திறந்துட்டா வாரண்டி கேக்க முடியாது, என் பழைய போன் அப்படித்தான் போச்சு.