கிடைத்ததைச் சத்தமாகச் சொல்லுங்கள்: எஸ்கேப் ரூம் கேள்வி பதில்

கேள்வி: அலுவலகத்தில் எட்டு பேர் சேர்ந்து முதல்முறையாக எஸ்கேப் ரூம் (ஓர் அறைக்குள் போய், புதிர்களை விடுவித்துப் பூட்டுகளைத் திறந்து, குறித்த நேரத்துக்குள் வெளியே வரும் விளையாட்டு) விளையாடப் போகிறோம். எல்லோரும் ஒரே அறைக்குள் போகலாமா?

பதில்: நான்கு நான்கு பேராகப் பிரிந்துவிடுங்கள். எட்டு பேரை அனுமதிக்கும் அறையில்கூட ஒரு நேரத்தில் கையில் எடுக்கும்படி இரண்டு மூன்று புதிர்கள்தான் இருக்கும். மிச்சப் பேர் அடுத்தவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தபடி நிற்பார்கள். பத்து நிமிடத்தில் அவர்களுக்கு ஆர்வம் போய்விடும்.

முன்பதிவு செய்யும்போதே ஒன்று கேட்டு வையுங்கள்: ஒரு புதிரை முடித்தால்தான் அடுத்தது திறக்குமா, பல புதிர்களை ஒரே நேரத்தில் போடலாமா? முதல் வகை என்றால் மூன்று பேரே போதும். இரண்டாம் வகைக்கு நான்கைந்து பேர் தேவைப்படும். இரண்டு பேராகப் போனால் பொருள்களைத் தேடவே பாதி நேரம் கரைந்துவிடும்.

கேள்வி: ஐந்து பேர் போனோம். புதிர்கள் அப்படி ஒன்றும் கடினமாக இல்லை. ஆனாலும் கடைசிப் பெட்டியைத் திறப்பதற்குள் 60 நிமிடம் முடிந்துவிட்டது. எங்கே கோட்டைவிட்டோம்?

பதில்: இப்படித் தோற்கும் அணிகளில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். ஒருவர் கையில் பூட்டு இருக்கும், அதற்கான எண் இன்னொருவர் கையில் இருக்கும். இருவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

எதைக் கண்டாலும் அது என்ன, எத்தனை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். "இங்கே ஒரு பெட்டி" என்பது போதாது. "நான்கு எழுத்துப் பூட்டு போட்ட பெட்டி" என்று சொன்னால், நான்கு எழுத்துச் சொல்லைக் கையில் வைத்திருப்பவர் உடனே திரும்பிப் பார்ப்பார். உள்ளே போனதும் ஒருவர் எல்லாப் பூட்டுகளையும் பார்த்து எண்ணா, எழுத்தா, சாவியா, எத்தனை இலக்கம் என்று கணக்கெடுத்துவிட வேண்டும். பூட்டின் வடிவம் தெரிந்தால் விடையின் வடிவம் தெரிந்துவிடும்.

முதல் ஐந்து நிமிடம் தேடல் மட்டும். இழுப்பறையின் அடிப்பக்கம், மாட்டியிருக்கும் கோட்டின் பை, படச்சட்டத்தின் பின்புறம், விரிப்பின் ஓரம், புத்தகத் தாள்களின் நடுவே என்று பாருங்கள். ஒருவர் தேடி முடித்த இடத்தை இன்னொருவர் கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும். "அங்கே பார்த்தாச்சு" என்ற பேச்சால் தொலைந்த நிமிடங்கள் அதிகம். ஆனால் மின் இணைப்புகளையும், தொடவேண்டாம் என்று ஒட்டியிருப்பவற்றையும் விட்டுவிடுங்கள். அவை விளையாட்டில் சேராதவை.

கிடைத்த பொருள்களுக்கு ஒரு மேசை, பயன்பட்டு முடிந்தவற்றுக்கு ஒரு மூலை. திறந்த சாவியை அந்தப் பூட்டிலேயே விட்டுவிடுங்கள். அநேகமாக எல்லா அறைகளிலும் ஒரு சாவிக்கு ஒரு வேலைதான். இந்தப் பழக்கம் இல்லாத அணி, முடிந்துபோன துப்பையே அரைமணி நேரம் உருட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது பூட்டைக் கையாளும் விதம். விடை சரியாக இருந்தும் பூட்டு திறக்காமல் போவது உண்டு. எண் சக்கரங்கள் பூட்டில் உள்ள கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும், மயிரிழை விலகினாலும் திறக்காது. ஒருவர் எண்ணை வாசிக்க, மற்றவர் திருப்பட்டும். திறக்காவிட்டால் இன்னொருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். மேல், கீழ், இடம், வலம் என்று நகர்த்தும் திசைப் பூட்டில் ஒவ்வொரு முயற்சிக்கு முன்பும் பழைய அசைவுகளை அழிக்க வேண்டும். வழக்கமாக அதன் வளையத்தை இரண்டு முறை உள்ளே அழுத்தினால் அழிந்துவிடும். இதை மறந்தால் சரியான விடையும் தவறாகிவிடும்.

குருட்டாம்போக்கில் முயல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. மூன்று இலக்கம் தெரிந்து வரிசை தெரியாவிட்டால் 6 முயற்சி. ஓர் இலக்கம் மட்டும் தெரியாவிட்டால் 10. இவற்றைத் தாராளமாகச் செய்யலாம். நான்கு இலக்கத்துக்கு வரிசையே தெரியாதபோது 24 வரும். அதற்குள் இறங்குவதைவிட வரிசைக்கான துப்பைத் தேடுவது மேல். நிறம், அளவு, சுவரில் மாட்டிய இடம் என எதிலாவது அது ஒளிந்திருக்கும்.

இன்னொன்று: சில கதவுகளை மின்சாரத்தால் பிடித்திருக்கும் மின்காந்தப் பூட்டு விடுபடும்போது 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும், கதவு தானாக விரியாது. பின்னணி இசையில் அது காதில் விழாமலே போகும். ஒரு பொருளை அதன் இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று விநாடி கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். பிறகு மூடியிருக்கும் எல்லாக் கதவுகளையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: நடத்துபவரிடம் ஹின்ட் (உதவிக் குறிப்பு) கேட்டு ஜெயித்தால் அது வெற்றியா?

பதில்: வெற்றிதான். ஐந்து நிமிடமாக ஒரு புதிய தகவலும் கிடைக்கவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். 55-வது நிமிடத்தில் கேட்டால் பிரயோஜனமில்லை. "ஹின்ட் கொடுங்க" என்று மட்டும் சொல்லாமல், "கடிகாரத்தில் 4, 7 கிடைத்தது, பச்சைப் பெட்டியில் போட்டோம், திறக்கவில்லை" என்று சொல்லுங்கள். கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கும் கேம் மாஸ்டருக்கு (ஆட்டத்தை நடத்துபவருக்கு) நீங்கள் எங்கே சிக்கியிருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் துல்லியமாகப் புரியும். ஹின்டுக்கு எண்ணிக்கை வரம்போ, நேரக் கழிவோ உண்டா என்பதை உள்ளே போகும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: உண்மையாகவே உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்களா? நினைத்தாலே படபடப்பாக இருக்கிறது.

பதில்: உங்கள் படபடப்பு நியாயமானது. 2019 ஜனவரியில் போலந்தின் கோஷாலின் நகரில் ஓர் எஸ்கேப் ரூமில் தீப்பிடித்தபோது, வெளியேற வழியில்லாமல் ஐந்து சிறுமிகள் இறந்தார்கள். அதனால் இதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

ஒழுங்காக நடத்தும் இடத்தில் வாசல் கதவை நீங்களே எந்த நேரமும் திறக்க முடியும். அல்லது கதவருகே அவசரப் பொத்தான் இருக்கும். மின்காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரைதான் பிடித்திருக்கும், மின்சாரம் போனால் விட்டுவிடும். ஆட்டம் தொடங்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: பொத்தான் எங்கே, அதை இப்போது அழுத்திக் காட்ட முடியுமா, ஆட்டம் முழுக்க ஒருவர் கேமராவைப் பார்த்துக்கொண்டே இருப்பாரா. தட்டிக்கழித்தால் உள்ளே போகாதீர்கள். கையில் விலங்கு மாட்டும் தீம் என்றால், சாவி இல்லாமலே கழற்றக்கூடியதா என்றும் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. அவரையும் அணியில் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாக. டயலைச் சுழற்றும் தொலைபேசி, ரோமன் எண், முள் கடிகாரம், தாள் வரைபடம் எல்லாம் எஸ்கேப் ரூமில் அடிக்கடி வரும். இளையவர்கள் திணறும் இடத்தில் அவர் சட்டென்று முடித்துவிடுவார். தவழ்ந்து போகும் வழியோ, விட்டுவிட்டு மின்னும் விளக்கோ உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். படிக்கும் கண்ணாடியை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கும். அணியில் யாருக்காவது நிறம் பிரித்தறிவதில் சிரமம் இருந்தால் அதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடட்டும், நிறப் புதிரை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம்.